தானோட்டிக் கார்: ஓட்டும் ஆசை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ஓட்டுவதை ரசிப்பவர்கள் நாலு பேர் கூடினால் தானோட்டிக் கார் பேச்சு வராமல் இருக்காது. பேச்சு வந்ததும் இரண்டு கட்சி ஆகிவிடும். "இனி ஸ்டீயரிங்கையே பிடுங்கிவிடுவார்கள்" என்று புலம்புவது ஒரு கட்சி. "என் கார் இப்பவே தானா ஓடுது" என்று நெடுஞ்சாலையில் கையை எடுத்துவிட்டு வீடியோ போடுவது இன்னொரு கட்சி. புலம்புகிறவர்களால் யாருக்கும் ஆபத்து இல்லை. அதனால் வீடியோ கட்சியிலிருந்தே தொடங்கலாம்.

தானோட்டத்துக்கு லெவல் 0 முதல் 5 வரை உள்ள அளவுகோலை எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014-ல் வெளியிட்டது. அதைக் காரின் புத்திசாலித்தனத்துக்குப் போட்ட மார்க் என்று எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. அது சொல்வது, அந்த நேரத்தில் வண்டி ஓட்டுகிற பொறுப்பு யாருடையது என்பதை. லெவல் 2 காரில் வேகம், முன் வண்டியோடு இடைவெளி, லேன் எல்லாவற்றையும் கார் பார்த்துக்கொண்டாலும், சாலையைக் கவனிக்க வேண்டியவர் நீங்கள்தான். டெஸ்லாவின் ஃபுல் செல்ஃப் டிரைவிங்கும் லெவல் 2தான். 2024-ல் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'சூப்பர்வைஸ்டு', அதாவது ஓட்டுநரின் கண்காணிப்பில், என்று சேர்த்துவிட்டார்கள். மெர்சிடிஸ் 2022-ல் ஜெர்மனியில் விற்ற டிரைவ் பைலட் லெவல் 3. ஆனால் அது ஆட்டோபான் என்ற அந்நாட்டு விரைவுச் சாலையில், முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தால், மணிக்கு 60 கிலோமீட்டர் வரை மட்டுமே வேலை செய்தது. கையை எடுக்கலாம், கண்ணையும் எடுக்கலாம். ஓட்டும் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கார் சொன்னால் பத்து விநாடி அவகாசம் உண்டு. லெவல் 2 அந்தப் பத்து விநாடியை உங்களுக்குத் தருவதில்லை.

இங்கேதான் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். "எதாவது ஆனா டக்குனு பிடிச்சுக்குவேன்" என்பார்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் 28 மீட்டர் கடந்துவிடும். சும்மா உட்கார்ந்திருந்த மூளை நிலைமையைப் புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் தானோட்டிச் சோதனைக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவரை மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே அவர் ரேடாரில் பட்டுவிட்டார். ஆனால் மென்பொருள் அவரை ஒருமுறை வாகனம் என்றது, அப்புறம் வேறு ஏதோ பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை எண்ணத்தை மாற்றும்போதும், அதுவரை அவர் நகர்ந்து வந்த பாதையைக் கணக்கில் எடுக்காமல் விட்டது. அதனால் அவர் எந்தப் பக்கம் போகிறார் என்பது அதற்குப் பிடிபடவே இல்லை. அந்த வால்வோ காரோடு வந்த அவசர பிரேக், ஊபரின் கணினி ஓட்டும்போது வேலை செய்யாதபடி அணைக்கப்பட்டிருந்தது. இதற்கெல்லாம் மேல் காவலாக உட்காரவைக்கப்பட்டிருந்த ஓட்டுநர் கைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவருக்கே இந்தக் கதி. ஓட்டுவதைவிட, ஓடுகிறதைக் கவனித்துக்கொண்டே இருப்பது கஷ்டமான வேலை. என்னைக் கேட்டால், லெவல் 2-ஐ நம்பிக் கவனத்தைத் தளர்த்துவதற்குப் பதில் முழுதாக நீங்களே ஓட்டிவிடுவது நல்லது.

இதைக் கேட்டதும் சிலர் நேர் எதிராகப் போய், அடாஸ் எனப்படும் ஓட்டுநர் உதவி வசதிகள் மொத்தத்தையும் அணைத்துவிடுவார்கள். அதுவும் தவறு. லேன் உதவியும் அவசர பிரேக்கும் ஒன்றல்ல. நம்மூரில் சாலை வேலை நடக்கும் இடத்தில் பழைய கோடும் புதிய கோடும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அங்கே ஸ்டீயரிங் தானாக இழுத்தால் எரிச்சல் வரும், லேன் உதவியை அணைத்துவிடுவது நியாயம். அவசர பிரேக்கை விட்டுவையுங்கள். அதற்காக அது எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்தில் லைட் இல்லாமல் நிற்கும் லாரி, நடுச்சாலையில் போலீஸ் வைத்த பேரிகேட் மாதிரி அசையாமல் நிற்பவற்றை இந்த அமைப்புகள் தவறவிடலாம் என்று கார் கையேடுகளிலேயே எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை.

'நாளைக்கு அப்டேட்டில் வரும்' என்ற பேச்சுக்கு இன்றே காசு கொடுப்பதையும் தவிர்க்கலாம். தான் தயாரிக்கும் எல்லாக் காரிலும் முழுத் தானோட்டத்துக்கான கருவிகள் இருக்கின்றன என்று 2016 அக்டோபரில் டெஸ்லா அறிவித்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க்குக்கு அடுத்த ஆண்டு முடிவதற்குள் கார் தானாகப் போய்க் காட்டும் என்றார் ஈலான் மஸ்க். அந்த ஆண்டு அப்படியே முடிந்தது. அதற்குப் பிறகு வந்த டெஸ்லா கார்களின் கணினியையும் மாற்றித் தர வேண்டியிருக்கும் என்று 2025-ல் அவரே ஒப்புக்கொண்டார். பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் கூகுளின் தாய் நிறுவனத்துக்குச் சொந்தமான வேமோவின் டாக்ஸி ஆளில்லாமல் ஓடுகிறதே என்பீர்கள். ஓடுகிறது. ஆனால் லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லிடார் உட்பட ஏகப்பட்ட சென்சார்களோடு, குறித்துவைத்த எல்லைக்குள் ஓடுகிறது. அதை வைத்து நம் வீட்டு எஸ்யூவியை எடைபோட முடியாது.

சரி, புலம்பல் கட்சிக்கு வருவோம். கியர் லீவரை ரோபோ வந்து பறிக்கப்போகிறது என்ற பயம் தவறான ஆள் மேல் போடும் பழி. இந்தியாவில் கிளட்ச்சை விரட்டும் வேலையை 2014-ல் மாருதி செலேரியோவோடு வந்த, கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றும் ஏஎம்டி தொடங்கிவிட்டது. காரணம் நெரிசல். மின்சாரக் கார் வந்ததும் கியருக்கே பெரிதாக வேலை இல்லாமல் போனது. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் காரிலும் வேக வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். ஓட்டுவதில் கிடைக்கும் சுகத்தை இப்போதைக்குக் குறைப்பது இந்த மாதிரிச் சட்டங்களும் போக்குவரத்தும்தான். ஆளில்லாக் கார்களை அனுமதிக்கப்போவதில்லை, ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2023-ல் சொல்லியிருக்கிறார். அவசரப்பட்டுக் காரை விற்க வேண்டாம். வேகத்துக்கு ஆசை என்றால் இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் கரி என்று பந்தயத் தளங்கள் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. முன்கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விட்டால், பக்கத்துக் கடையில் மலிவாக மாற்றிக்கொண்டு வந்துவிடுவோம். அடாஸ் கேமரா பல கார்களில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. மாற்றிய பிறகு கேமராவை மறுபடி அளவுபடுத்த வேண்டும். கோணம் கொஞ்சம் தப்பினாலும் தூரத்தில் இருக்கும் லேன் கோடுகளையும் வண்டியையும் அது இடம் மாற்றிப் பார்க்கும். கண்ணாடிக்குக் காசு கொடுப்பதற்கு முன் கேலிபரேஷன் செய்வார்களா, இன்சூரன்ஸில் அதற்கும் சேர்த்துக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.