ஊர் வாட்ஸ்அப் குழு எல்லாருக்கும் எட்டணுமா? ஆரம்பத்திலிருந்து ஒரு செய்முறை

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்போம். இந்த மாதிரி நேரத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் செய்தி எப்படிப் பரவும்? எச்சரிக்கை அறிவிப்பு ஒரு படமாக வரும். எந்த ரோடு அடைப்பு என்பது யாரோ பேசி அனுப்பிய நாலு நிமிட வாய்ஸ் மெசேஜில் இருக்கும். பார்வை இல்லாதவருக்குப் படம் எட்டாது, காது கேளாதவருக்கு வாய்ஸ் எட்டாது. ஆட்டிசமோ ஏடிஎச்டியோ (கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தச் சிரமப்படும் நிலை) உள்ளவர், குவிந்து கிடக்கும் ஃபார்வர்டுகளுக்கு நடுவே இரண்டையும் தவறவிட்டிருப்பார்.

இதைச் சரிசெய்யப் பணமும் வேண்டாம், புது ஆப்பும் வேண்டாம். கீபோர்டில் அடித்த எழுத்து இருந்தால் போதும். அதைக் கண்ணால் படிக்கலாம், போனைப் படிக்கச் சொல்லிக் காதால் கேட்கலாம், பெரிதாக்கலாம், மொழிபெயர்க்கலாம், பிறகு தேடியும் எடுக்கலாம். படத்திலும் குரலிலும் இதெல்லாம் இவ்வளவு லேசில் நடக்காது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தின் கிளைகள்தான். குழு அட்மின் ஆக இருந்தாலும் சரி, எப்போதாவது ஒரு போஸ்ட் போடுபவராக இருந்தாலும் சரி, செய்து பார்க்கலாம்.

படி 1: உங்கள் குழுவைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அதற்குள் அக்சஸிபிலிட்டி, அதற்குள் டாக்பேக். திரையில் இருப்பதைப் போன் வாசித்துக் காட்டும் வசதி இது. தமிழ் மெனு என்றால் ‘அணுகல்தன்மை’ என்று இருக்கும். உடனே ஆன் செய்துவிடாதீர்கள். முதலில் அதே பக்கத்தில் டாக்பேக் ஷார்ட்கட்டை ஆன் செய்யுங்கள். பல போன்களில் இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் டாக்பேக் நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். இது தெரியாமல் ஆன் செய்துவிட்டு, போன் கெட்டுப்போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு.

ஆன் செய்தபின் தொடுதல் முறையே மாறிவிடும். ஒரு தடவை தொட்டால் அது என்ன என்று வாசிக்கும், அவ்வளவுதான். திறக்க வேண்டுமானால் இரண்டு தடவை தட்ட வேண்டும். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த இடத்துக்குப் போகும். மேலும் கீழும் நகர்த்த இரண்டு விரல். தமிழை வாசிக்கத் தமிழ்க் குரல் வேண்டும்: அதே அக்சஸிபிலிட்டிப் பகுதியில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் என்று இருப்பதில் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளுங்கள். ஐபோனில் இதே வேலையை வாய்ஸ்ஓவர் செய்யும்.

இப்போது குழுவைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து மெசேஜ் தள்ளிப் பாருங்கள். காலை வணக்கப் படம் வந்தால் அனுப்பியவர் பெயர், போட்டோ, நேரம் என்பதோடு முடிந்துவிடும். கூட்ட அழைப்பிதழ் படமாக வந்தாலும் அதே கதைதான். அப்புறம் யாரோ ஒருவர் வரிசையாகப் போட்டிருக்கும் கும்பிடும் கைகள் வரும். ஒவ்வொரு ஸ்மைலிக்கும் பெயர் உண்டு. போன் அதைச் சொல்லித்தான் தீரும். இரங்கல் செய்தி ஒன்றின் கீழ் முப்பது பேர் ஆளுக்கு ஐந்து கும்பிடு போட்டால் கேட்பவர் பாடு என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒன்று போட்டால் போதும், துக்கம் குறைந்துவிடாது.

இதை ஒரு தடவை கேட்டவருக்கு மீதிப் படிகளை விளக்கவே தேவையில்லை. மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன்.

படி 2: படம் போட்டால் அதில் இருப்பதை எழுதுங்கள்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் மூன்றிலும் ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு இடம் உண்டு. படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அங்கே நீங்கள் எழுதியதைப் போன் வாசித்துக் காட்டும். படத்தைப் போடும்போதே எடிட் அல்லது அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கம் தேடினால் கிடைக்கும். ஃபேஸ்புக் 2016 முதல் தானாகவே ஒரு விவரிப்பைப் போட்டுக்கொள்கிறது. ‘இரண்டு பேரும் எழுத்தும் இருக்கக்கூடும்’ என்கிற ரகம் அது. அந்த எழுத்து என்ன என்பதுதானே விஷயம்? ஆகவே நீங்களே எழுதுவது நல்லது. வாட்ஸ்அப்பில் படத்துக்குக் கீழே கேப்ஷனாகவே போட்டுவிடுங்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். ஒகேனக்கல் அறிவிப்பையே எடுத்துக்கொள்வோம். கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளைத் திறந்துவிட்டால் காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடும், பரிசலுக்குத் தடை வரும். அந்தப் படத்துக்குக் கீழே ‘முக்கிய அறிவிப்பு, அனைவரும் பகிரவும்’ என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. இப்படி எழுதலாம்:

‘ஒகேனக்கல்: பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் இன்று காலை முதல் தடை. மறு அறிவிப்பு வரும்வரை. அறிவித்தவர்: மாவட்ட நிர்வாகம். கரையோரம் உள்ளவர்கள் மேட்டுக்குப் போகவும்.’

படத்தின் நிறம், முத்திரை, பார்டர் பற்றியெல்லாம் இங்கே தேவையில்லை. அதுவே உங்கள் தோப்பு மாங்காயை விற்கப் போடும் படம் என்றால் நிறம்தான் விஷயம்: ‘பெங்களூரா மாங்காய், மூக்கு நீண்டது, பச்சையில் லேசான மஞ்சள், கூடை நிறைய, கறை இல்லை.’ வாங்குபவர் எதைப் பார்ப்பாரோ அதை எழுதினால் சரி.

ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. ஃபிளெக்ஸ் கடைக்கோ நோட்டீஸ் அடிக்கவோ நாம் முதலில் ‘மேட்டர்’ அனுப்புவோம் அல்லவா? அதே மேட்டரை அப்படியே எடுத்துக் கேப்ஷனில் ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்தது. ஆனால் கடைக்காரர் திருப்பி அனுப்பும் ஃபைலிலிருந்து காப்பி செய்யாதீர்கள். பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் டைப் செய்கிறார்கள். எல்லாப் போனுக்கும் புரியும் பொது எழுத்து முறையான யூனிகோட் இல்லாததால் அதைக் காப்பி செய்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், போனும் அதையே வாசிக்கும்.

நோட்டீஸ் வடிவமைக்கும்போது மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து கேட்காதீர்கள். இணையத்துக்கான உலகப் பொது வழிகாட்டுதல், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது. மஞ்சளும் வெள்ளையும் 1.1:1-ஐக்கூடத் தொடாது. ‘பச்சையில் உள்ளவர்கள் காலை, சிவப்பில் உள்ளவர்கள் மாலை’ என்ற பட்டியலும் வேண்டாம். பச்சை, சிவப்பு பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே நிறைய உண்டு, அவர்களில் பலர் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

படி 3: தமிழைத் தமிழிலேயே அடியுங்கள்

‘நாளைக்கு மீட்டிங் இருக்கு’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் ஆங்கிலக் குரல் அதை என்ன பாடு படுத்தும் என்று டாக்பேக்கில் கேட்டுப் பாருங்கள். வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கும் அது இரட்டை வேலை. ஓசூர் பக்கம் தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழியாக இருப்பவர் மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பார்க்கவும் தமிழ் எழுத்து இருந்தால்தான் சுலபம். தமிழில் அடிக்க வராது என்பவர்கள் ஜிபோர்டில் (கூகுளின் கீபோர்டு) மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே அடித்துக்கொள்ளும். அனுப்புமுன் ஊர்ப் பெயர்களையும் எண்களையும் மட்டும் சரிபாருங்கள்.

ஹேஷ்டேக் போட்டால் சொற்களுக்கு நடுவே கீழ்க்கோடு இடுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தை வைத்துப் பிரிப்பார்கள், நமக்கு அந்த வசதி இல்லை.

படி 4: வாய்ஸும் வீடியோவும்

வாய்ஸ் மெசேஜைத் தடை செய்துவிடலாமே என்று சில அட்மின்களுக்குத் தோன்றும். செய்யாதீர்கள். பெருமூளை வாதத்தால் விரல் ஒத்துழைக்காதவருக்கும், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவருக்கும் அதுதான் வாசல். அவர்கள் பேசட்டும். கேட்டவர்களில் ஒருவர் அதற்கு ரிப்ளையாக இரண்டு வரி அடித்துப் போடட்டும்: ‘அக்கா சொல்வது: பாலக்கோடு ரோட்டில் பாலத்தின் மேல் தண்ணீர். காரிமங்கலம் வழியாக வரவும்.’ குழுவில் இதற்கென்று இரண்டு மூன்று பேர் முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை.

காது கேளாதவர்களுக்கு இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிறுவயதிலிருந்தே சைகை மொழியில் பேசிப் பழகியவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி மாதிரிதான். நீளமான வாக்கியம், சுற்றி வளைக்கும் பேச்சு, ‘இல்லாமல் இல்லை’ வகை எதிர்மறை எல்லாம் வேண்டாம். அவர்களோடு வீடியோ கால் பேசினால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள், முகம் இருட்டாகிவிடும். கைகளும் ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும்.

வீடியோ போடுபவர்கள் பேசுவதைக் கீழே கேப்ஷனாகப் போடுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் சப்டைட்டில் பகுதியில் நீங்களே அடித்துச் சேர்க்கலாம். ரீல்ஸில் அடிப்பகுதியைக் கணக்கின் பெயரும் விவரமும் மறைத்துவிடும், ஆகவே எழுத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றி வையுங்கள். திருவிழா ஸ்டேட்டஸில் பளிச் பளிச்சென்று வெட்டும் எஃபெக்ட் வேண்டவே வேண்டாம். விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் காட்சி, ஒளி பட்டால் வலிப்பு வரும் தன்மை உள்ளவர்களுக்கு ஆபத்து.

படி 5: ‘வந்துட்டு ஒரு போன் பண்ணுங்க’

நம் ஊரில் யாரையும் எங்கேயும் வரச் சொல்வது இந்த ஒரு வாக்கியத்தில்தான். ‘பத்து பத்தரைக்கு பஸ் ஸ்டாண்டு வந்துட்டு போன் பண்ணுங்க, பாத்துக்கலாம்.’ நமக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. காது கேளாதவர் எப்படிப் போன் பண்ணுவார்? ஆட்டிசம் உள்ளவருக்கு ‘பத்து பத்தரை’ என்பது எந்த நேரம், ‘பாத்துக்கலாம்’ என்பதில் என்ன நடக்கப்போகிறது? கூட்டமும் ஹார்ன் சத்தமுமாக இருக்கும் இடத்தில் யாரென்று தெரியாமல் நிற்பதை நினைத்தே பலர் வராமல் இருந்துவிடுவார்கள். நாம் என்னடா என்றால் ‘இவருக்கு ஆர்வம் இல்லை’ என்று முடிவுகட்டிவிடுவோம்.

அதையே இப்படி அடித்துப் பாருங்கள்:

‘ஞாயிறு காலை 10.00. பாலக்கோடு பேருந்து நிலையம், தருமபுரி பஸ் நிற்கும் இடம். நான் நீலச் சட்டை, கையில் மஞ்சள் பை. 10.20 வரை அங்கேயே இருப்பேன். அங்கிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ. பேச்சு ஒரு மணி நேரம், பிறகு சாப்பாடு. மைக் உண்டு, சத்தமாக இருக்கும், வெளியே தனியாக உட்கார இடம் இருக்கிறது. வாசலில் இரண்டு படி, சாய்தளம் இல்லை, தூக்கிவிட ஆள் இருப்பார்கள். 12.30க்கு முடியும். நடுவில் கிளம்பினாலும் பரவாயில்லை. சந்தேகம் என்றால் மெசேஜ் போடுங்கள்.’

முடியும் நேரம் சொல்வது முக்கியம். சாய்தளம் இல்லை என்றால் இல்லை என்று எழுதுவதும் முக்கியம். வந்தபின் தெரிந்துகொள்வதைவிட வருமுன் தெரிந்தால் சக்கர நாற்காலியில் வருபவர் தானே முடிவெடுப்பார். மண்டப வாசலின் போட்டோ ஒன்றையும் முன்னாலேயே அனுப்பினால் புது இடம் என்ற பதற்றம் பாதி குறையும், போட்டோவுக்குக் கீழே ஒரு வரி எழுத மறக்காமல்.

முன்னறிவிப்பில்லாமல் போன் அடிப்பதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘இப்போ பேசலாமா?’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அடித்தால் என்ன குறைந்துபோகும்? நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் ‘பார்த்துட்டு ஏன் பேசல’ என்று குழுவில் கேட்காதீர்கள். சிலருக்குப் பதிலை மனதில் அடுக்கவே ஒரு நாள் ஆகும். குழுவில் பேசாமலே எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருப்பதும் பங்கேற்புதான், அதற்காக யாரையும் நீக்க வேண்டாம்.

படி 6: அறிவிப்பு தனி, அரட்டை தனி

அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் அட்மின்கள் மட்டும் எழுதும்படி செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். பிறந்தநாள், காலை வணக்கம், அரசியல் எல்லாம் இன்னொரு குழுவில். அரட்டைக் குழுவை மியூட் செய்தவருக்கும் அணை திறந்த செய்தி தப்பாது. முக்கியமான செய்தியை மேலே குத்தி (‘பின்’ செய்து) வைக்கலாம், 30 நாள் வரை மேலேயே நிற்கும். நீளமான செய்தி என்றால் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்பதை முதல் வரியில் வையுங்கள். வரலாறு பிறகு.

படி 7: எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் அடக்கம். வெளியே தெரியாதவை பல. ஆகவே புதிதாகச் சேர்ந்தவரிடம் ‘உங்களுக்கு என்ன பிரச்சினை, எத்தனை சதவீதம்?’ என்று கேட்க வேண்டாம். தெரிந்தும் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ‘உங்களுக்கு எது வசதி, எழுத்தா, வாய்ஸா, வீடியோவா?’ என்று கேட்டால் போதும், அதையும் தனிச் செய்தியில். குழுவில் வாக்கெடுப்பு (‘போல்’) நடத்தினால் யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அடையாள அட்டை, மருத்துவச் சான்று ஆகியவற்றின் போட்டோவைக் குழுவில் போட விடாதீர்கள். உதவி கேட்டே போட்டாலும் உடனே நீக்கிவிட்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு வழி காட்டுங்கள். மூன்று சக்கர வண்டி வாங்கும்போது எடுத்த படத்தை, வாங்கியவரைக் கேட்காமல் கண்ணீர்ப் பாட்டோடு போடுவதும் இதே ரகம்தான். வாட்ஸ்அப் குழுவில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். புதிதாகச் சேரும் பெண்களுக்கு இதை முன்பே சொல்லிவிட்டு, அதன்பின் சேர்ப்பதா என்று கேளுங்கள்.

பழைய படங்களுக்கெல்லாம் பின்னோக்கிப் போய் எழுத வேண்டியதில்லை. குழுவின் டிஸ்கிரிப்ஷன், பின் செய்த செய்தி, இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் அழைப்பிதழ் மூன்றையும் மட்டும் இன்று சரிசெய்யுங்கள். யாராவது வெறும் படம் போட்டால் திட்ட வேண்டாம், நீங்களே அதற்கு ரிப்ளையாக எழுத்தைப் போட்டுவிடுங்கள். இப்படி நாலைந்து தடவை பார்த்தபின் பெரும்பாலானவர்கள் தாங்களே எழுத ஆரம்பித்துவிடுவார்கள். காலை வணக்கக்காரர்களை மட்டும் மாற்றுவது கஷ்டம்.