ஏஐ ஏஜென்ட்டுக்குப் புரிகிற மாதிரி டூல் விளக்கம் எழுதுவது எப்படி?

ஈரோட்டில் என் மாமா போர்வை, துண்டு மொத்த வியாபாரம் செய்கிறார். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரைப் படித்து, இருப்பு பார்த்து, பில் வரைவு போட்டுத் தரும் ஏஜென்ட் ஒன்றை அவருக்காகப் பைத்தானில் எழுதினேன். அதற்கு மொத்தம் நான்கு டூல், அதாவது ஏஐ தேவைப்படும்போது அழைத்துப் பயன்படுத்தும் ஃபங்ஷன்கள். இரண்டாம் நாளே போன் வந்துவிட்டது.

"ஏன் மாப்ள, சென்னிமலைப் போர்வை இருபதுன்னு கேட்டிருக்காங்க. உன் ஏஜென்ட் இருபது பீஸுக்குப் பில்லு போட்டு வெச்சிருக்குது. நம்ம கடையில என்னைக்குப் பீஸ்ல வித்தோம்?"

கடையில் எல்லாமே டஜன் கணக்கு. அது எனக்கும் தெரியும், கோடில்கூட எழுதி வைத்திருந்தேன். ஆனால் ஏஜென்ட்டின் மூளையாக இருக்கும் ஏஐ மாடலுக்கு அது போய்ச் சேரவே இல்லை. ஏன் என்று தேடப்போய்க் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு. பைத்தான் நிறுவுவது, ஏபிஐ (மாடலை நம் கோடிலிருந்து அழைக்கும் வழி) சாவி வாங்குவது எல்லாம் இங்கே வராது. ஒரு டூலையாவது ஓட்டிப் பார்த்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மாடல் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள்

மாடலோடு டூலை இணைக்க ஓபன்ஏஐ 2023 ஜூனில் கொண்டுவந்த ஃபங்ஷன் காலிங் ஆகட்டும், ஆந்த்ராபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி (MCP) என்ற பொது நெறிமுறை ஆகட்டும், டூலைப் பற்றி மாடலிடம் போவது முக்கியமாக மூன்று: டூலின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஜேசன் ஸ்கீமா (எந்தெந்த உள்ளீடு, என்ன வகை என்று சொல்லும் பட்டியல்). ஃபங்ஷனுக்குள் நீங்கள் எழுதிய கோட் போகாது. ஹேஷ் குறி போட்டு எழுதும் குறிப்பும் போகாது. நான் 'அளவு டஜனில்' என்று எழுதியிருந்தது அந்த ஹேஷ் குறிக்குப் பின்னால்தான்.

நீங்கள் எம்சிபி பயன்படுத்தினால், அதைச் சோதிக்க உதவும் எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற கருவியைத் திறந்து டூல் பட்டியலைப் பாருங்கள். லாக் ஃபைலைத் துழாவுவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். என் டூலை அதில் திறந்தபோது 'அளவு: முழு எண்' என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் இருபது பீஸ் என்றுதான் நினைப்பார்கள்.

படி 2: பெயரும் விளக்கமும்

பெயரை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயரைப் பல ஏபிஐகள் ஏற்காது. விளக்கம் தமிழில் இருக்கலாம்.

முதலில் நான் எழுதியிருந்தது: 'இருப்பைத் தேடும்.'

இப்போது இருப்பது: 'கிடங்கில் இப்போதுள்ள இருப்பைப் பொருள் குறியீட்டின்படி டஜனில் தரும். விலை தராது, விலைக்கு விலைப்பட்டியல் டூலை அழைக்கவும். குறியீடு தெரியாவிட்டால் முதலில் பொருள் தேடல் டூலை அழைக்கவும். குறியீட்டை யூகிக்க வேண்டாம்.'

எப்போது அழைக்கக் கூடாது என்று எழுதுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்றுபோல் தெரியும் இரண்டு டூல் இருந்தால் அந்த வரிதான் காப்பாற்றும். குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதுங்கள் என்று ஆந்த்ராபிக்கின் ஆவணமும் சொல்கிறது.

படி 3: உள்ளீடுகள் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

முதலில் 'அளவு' என்பதை 'அளவு_டஜனில்' என்று மாற்றினேன் (கோடில் இவை ஆங்கிலப் பெயர்கள்தான், புரிவதற்காக இங்கே தமிழில் தருகிறேன்). இருபது போர்வை சரியாக வந்தது. அப்புறம் ஒருவர் '30 பீஸ் துண்டு' என்று அனுப்பினார். முப்பது டஜனுக்கு வரைவு விழுந்தது! பீஸ் என்று வந்தால் 12ஆல் வகுக்கவும் என்று விளக்கத்தில் சேர்த்தேன். முப்பதை வகுத்தால் இரண்டரை. உள்ளீடோ முழு எண். சில சமயம் 2 வந்தது, சில சமயம் 3.

கடைசியில் உள்ளீட்டை இரண்டாகப் பிரித்தேன். 'அளவு' என்பது வாடிக்கையாளர் சொன்ன எண், அப்படியே. 'அலகு' என்பதற்கு enum (அனுமதிக்கும் மதிப்புகளின் பட்டியல்) போட்டு டஜன், பீஸ் என்று இரண்டே மதிப்பு. அதன் விளக்கம்: 'வாடிக்கையாளர் அலகு சொல்லாவிட்டால் டஜன்.' வகுப்பதும் மீதியைப் பார்ப்பதும் கோடின் பொறுப்பு. கணக்கு எதையும் மாடலிடம் விடாதீர்கள், கோடிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியிலும் இதே சிக்கல் உண்டு. 05/04 என்றால் நமக்கு ஏப்ரல் 5, அமெரிக்க வழக்கில் மே 4. '2025-04-05 வடிவில், ஆண்டு முதலில்' என்று எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். 'நாளை மறுநாள் வேணும்' என்றும் செய்தி வரும். நீங்கள் சொல்லாமல் இன்றைய தேதி மாடலுக்குத் தெரியாது, அதனால் அதை சிஸ்டம் பிராம்ட்டில் (உரையாடலுக்கு முன்பே மாடலுக்குத் தரும் குறிப்பில்) கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு உள்ளீட்டின் விளக்கத்தையும் பைடான்டிக் (Pydantic) என்ற பைத்தான் நூலகத்தின் ஃபீல்டில் (Field) தனித்தனியாக எழுதுவதே என் பழக்கம். ஸ்கீமாவில் அந்தந்த உள்ளீட்டுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

படி 4: பிழைச் செய்தி

இதையும் மாடல் படிக்கிறது. 'பிழை 400' என்று மட்டும் அனுப்பினால் அதே அழைப்பைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடும். 'இந்தக் குறியீடு இல்லை. பொருள் தேடல் டூலில் பெயரைக் கொடுத்துச் சரியான குறியீட்டை எடுக்கவும்' என்று அனுப்பினால் பெரும்பாலும் அடுத்த அழைப்பிலேயே திருந்திவிடும்.

படி 5: நிஜச் செய்திகளை வைத்துச் சோதனை

நீங்களே கற்பனை செய்த கேள்விகளை வைத்துச் சோதிக்காதீர்கள், எல்லாம் சரியாகவே வரும். நான் மாமாவின் போனில் இருந்த பழைய ஆர்டர்களில் முப்பதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த டூல், என்ன மதிப்பு என்று தாளில் எழுதி வைத்து ஒப்பிட்டேன். ஒரு தடவைக்கு ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

பிற்சேர்க்கை 1: டூலிலிருந்து தமிழ்ப் பெயர்கள் திரும்பும்போது டோக்கன் (மாடல் உரையைத் துண்டாக்கி எண்ணும் அலகு) எகிறுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். என் கோடிலும் அது இருந்தது. தரவை ஜேசன் உரையாக்கும் பைத்தானின் ஜேசன் டம்ப்ஸ் (json.dumps) இயல்பாகவே தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றையும் பின்சாய்வுக்கோட்டில் தொடங்கும் ஆறு எழுத்தாக மாற்றிவிடும். 'போர்வை' என்ற ஒரு சொல் 36 எழுத்தாக விரிகிறது. அதில் 'என்ஷ்யூர் ஆஸ்கி' (ensure_ascii) என்பதை ஃபால்ஸ் (False) ஆக்குங்கள், தமிழ் தமிழாகவே போகும்.

பிற்சேர்க்கை 2: ஆர்டரை ரத்து செய்யும் டூலுக்கு 'கேட்காமல் ரத்து செய்யாதே' என்று எழுதினால் போதுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். போதாது. பெரும்பாலும் மாடல் அதன்படி நடக்கும், ஆனால் பூட்டு கோடில் இருக்க வேண்டும். எங்கள் ஏஜென்ட் வரைவோடு நின்றுவிடும். பில்லை உறுதி செய்வதற்கும் ரத்து செய்வதற்கும் உள்ள பொத்தானை மாமாதான் அழுத்துகிறார்.