பெண்கள் கிறிஸ்துமஸ் கூடுகை: நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் மதுரையில் கிறிஸ்தவப் பெண்களுக்கு அழைப்புகள் வரிசை கட்டும். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஒன்று, கத்தோலிக்கப் பங்கின் அன்பியத்தில் ஒன்று, வேலை பார்க்கும் இடத்து ஜெபக்குழுவில் ஒன்று, தெருவில் யாராவது ஓர் அக்கா வீட்டு மாடியில் ஒன்று. நரிமேடு, பசுமலை, ஞானஒளிவுபுரம் என்று நகருக்குள் மட்டுமல்ல, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி வரைக்கும் இதே கதைதான். எல்லாமே நல்ல மனதோடு நடக்கின்றன. ஆனாலும் போய்வந்த பெண்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லா இருந்துச்சுக்கா, பிரியாணி சூப்பர்" என்பார்கள். என்ன வசனம் பேசினார்கள் என்று கேட்டால் யோசிப்பார்கள். ஊழியத்துக்கென்று பணமும் நேரமும் செலவழித்த ஒரு மாலைப்பொழுதில் இதுதான் மிச்சம் என்றால், நடத்துகிற நாம் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேதாகமத்தில் லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே அவருக்காக ஒரு கூடுகை நடந்துவிட்டது. மலைநாட்டில் ஒரு வீடு. உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்தி எலிசபெத்து, வயதானவள், பிள்ளையில்லாதவள் என்று ஊர் பேச்சைக் கேட்டே காலம் கழித்தவள். இன்னொருத்தி மரியாள், கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமாகி, இனி ஊர் என்ன பேசுமோ என்கிற நிலையில் வந்து நிற்கும் சின்னப் பெண். ஒருத்தி வாழ்த்துகிறாள், மற்றவள் பாடுகிறாள். மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் அங்கேயே தங்கினாள் என்று வேதம் சொல்கிறது. பெண்களுக்கான கிறிஸ்துமஸ் கூடுகைக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மாதிரி கிடையாது. நாம் செய்யும் பல தவறுகள், இந்த வீட்டை மறந்து ஒரு மேடையைப் போடுவதில்தான் தொடங்குகின்றன.

மேடை நிகழ்ச்சியாக்குவது

மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் இருக்கும். மூன்றே முக்காலுக்குத் தொடங்கும். வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு, குழந்தைகள் நடனம், கேக் வெட்டு, அந்தக் கேக் வெட்டுக்கு யார் யார் மேலே வர வேண்டும் என்கிற பட்டியல். தேவ செய்தி கடைசியில். அதற்குள் பிரியாணி அண்டாவைத் திறந்துவிடுவார்கள், வாசனை வந்துவிடும். செய்தி கொடுக்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார், பெண்கள் பிள்ளைகளைத் தேடிக்கொண்டே கேட்பார்கள்.

இதைச் சரிசெய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. வந்து உட்கார்ந்த கால் மணி நேரத்துக்குள் வேத வாசிப்பைத் தொடங்கிவிடுங்கள். ஒரு ஜெபம், ஒரு பாட்டு, நேராக வசனம். பொன்னாடையை இந்த ஒரு கூட்டத்திலாவது விட்டுவிடலாம். போதகரின் மனைவி ஐயரம்மா வந்திருந்தாலும் சரி, வார்டு கவுன்சிலர் வந்திருந்தாலும் சரி, அவர்களும் எல்லோரோடும் பாயிலோ நாற்காலியிலோ உட்காரட்டும். மரியாதை குறைந்துவிடாது.

செய்தியை ஒருவரே நாற்பது நிமிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. லூக்கா 1:39 முதல் 56 வரை எடுத்துக்கொள்ளுங்கள். மரியாள் பேசுவதை ஒரு கல்லூரிப் பெண் வாசிக்கட்டும், எலிசபெத்து பேசுவதை வயதான ஓர் அம்மா வாசிக்கட்டும், இடையில் வருவதை மூன்றாவது ஆள். பிறகு எட்டுப் பேர், பத்துப் பேராகப் பிரிந்து இரண்டே கேள்விகள். எலிசபெத்து வீட்டு வாசலில் மரியாள் வந்து நின்றபோது அவள் மனதில் என்னென்ன பயம் இருந்திருக்கும்? உங்கள் வாழ்க்கையில் எலிசபெத்தாக இருந்தது யார்? இரண்டாவது கேள்விக்கு எந்தப் பெண்ணிடமும் பதில் இருக்கும். மாமியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டு இஸ்லாமிய அக்காவாகக்கூட இருக்கலாம். வாய் திறக்காதவர்கள் என்று நாம் நினைத்தவர்கள் பேசுவதை அங்கேதான் பார்ப்பீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் மட்டும் வேதாகமத்தை நீட்டி வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள். யார் வாசிப்பது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலிலேயே பிரித்துவிடுவது

நம் ஊரில் எந்த விசேஷம் என்றாலும் வாசலில் ஒரு தட்டு இருக்கும். சந்தனம், கல்கண்டு, மல்லிகைப்பூ. மதுரை மல்லி இல்லாமல் மதுரையில் பெண்கள் கூட முடியுமா என்பார்கள். அழகான வழக்கம்தான். ஆனால் தட்டு பிடித்து நிற்கும் பெண்ணின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். வருகிறவரின் நெற்றியையும் கழுத்தையும் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கை பூவை எடுக்கிறது. கணவரை இழந்தவர் என்று தெரிந்தால் கல்கண்டோடு நின்றுவிடுகிறது. சில நேரம் அவர்களே முந்திக்கொண்டு, "எனக்கு வேணாம்மா, பின்னாடி வர்ற பிள்ளைக்குக் குடு" என்று விலகிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இது நடந்த இடத்தில் அதற்கப்புறம் எவ்வளவு நல்ல செய்தி பேசினாலும் அந்த அம்மாவின் காதில் ஏறாது. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தையைப் பார்த்து, மீட்புக்குக் காத்திருந்த எல்லோரிடமும் அவரைப் பற்றிப் பேசியவள் அன்னாள். அவள் ஒரு விதவை. கிறிஸ்து பிறந்த செய்தியைச் சொல்லும் வேலையை வேதம் யார் வாயில் கொடுத்திருக்கிறது என்று பார்த்த பிறகுமா நாம் தட்டில் பிரித்துக்கொண்டிருப்பது?

பூ கொடுப்பதானால் ஒரு கூடையில் வைத்துவிடுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் எல்லோர் கையிலும் ஒரு சின்ன மெழுகுவர்த்தியைக் கொடுங்கள். எப்படியும் மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறித்தான் இருக்கும். முதல் மெழுகுவர்த்தியை ஏற்ற ஒரு விதவைத் தாயை அழையுங்கள். "விதவைகள் சார்பாக" என்று மைக்கில் அறிவிக்க வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

இதே வகையில் இன்னொன்று உண்டு, இது அதைவிட வலிக்கும். எலிசபெத்தைப் பற்றிப் பேசி முடித்ததும், "பிள்ளை பாக்கியம் இல்லாத சகோதரிகள் முன்னால் வாருங்கள், ஜெபிப்போம்" என்று அழைப்பது. அழைக்கிறவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் கூட்டத்தில் பத்துக் கண்கள் உடனே ஒருத்தி பக்கம் திரும்பும். எழுந்து போனாலும் அவமானம், உட்கார்ந்திருந்தாலும் அவமானம். போன மாதம்தான் கரு கலைந்து, யாரிடமும் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருப்பவளும் அங்கே இருக்கலாம். கல்யாணமாகாத முப்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் "அடுத்த கிறிஸ்துமஸ்ஸுக்குள்ள கர்த்தர் ஒரு நல்ல வாழ்க்கையை அமைச்சுத் தருவார்" என்று கூட்டத்துக்கு நடுவே ஆசீர்வதிப்பதும் இதில் சேர்த்திதான். ஜெபிக்க வேண்டுமானால் கூட்டம் முடிந்து, ஓர் ஓரமாக, அவள் கேட்டால் ஜெபியுங்கள். எலிசபெத்தின் கதையைக் குழந்தை கிடைத்த கதையாக மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். தன் வீட்டுக்கு வந்த பெண்ணை அவள் எப்படி வரவேற்றாள் என்பதும் அதில் இருக்கிறது. அது பிள்ளை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பொதுவான செய்தி.

பெண்கள் கூட்டத்தில் பெண்களே அடுப்படியில்

பெண்களுக்கான கூடுகை என்று பெயர், ஆனால் பத்துப் பெண்கள் முழு நேரமும் வெங்காயம் உரித்து, பாத்திரம் கழுவி, பந்தி பரிமாறி, ஒரு வசனம்கூடக் கேட்காமல் வீட்டுக்குப் போகிறார்கள். பெரும்பாலும் அந்தப் பத்துப் பேர் வருஷா வருஷம் அதே பத்துப் பேர்தான். மூன்று வழி இருக்கிறது. சாப்பாட்டை வெளியில் சொல்லிவிடலாம். ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும், அந்தக் கணக்கில் ஆர்டர் கொடுத்தால் வீணாகாது. அல்லது சபையின் ஆண்களைப் பரிமாறச் சொல்லலாம். ஞாயிறு ஆராதனை விருந்துகளில் அண்டா தூக்குகிறவர்கள்தானே, வருவார்கள். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விருந்தே வேண்டாம். கேசரி, வடை, அவரவர் வீட்டில் சுட்ட அச்சு முறுக்கு, கல்கல், ஒரு துண்டு பிளம் கேக், டீ. சர்க்கரை உள்ளவர்கள் நிறைய இருப்பார்கள், அவர்களுக்காகச் சுண்டல் அவசியம் வையுங்கள். மாத்திரை போடுகிற அம்மாக்களைச் சாப்பாட்டுக்காக ஏழு மணி வரை காக்க வைக்காதீர்கள். இந்து வீட்டுத் தோழிகளும் வருவார்கள் என்றால், அவர்களுக்குச் சைவம் தனியாக, தனிக் கரண்டியோடு இருக்கட்டும்.

சேலை வரிசை

ஏழைப் பெண்களுக்கு உதவுவது கிறிஸ்துமஸ்ஸோடு ஒட்டியே வருவது. அதில் ஒரு குறையும் இல்லை. உதவுகிற விதத்தில்தான் குறை. "ஐம்பது ஏழைச் சகோதரிகளுக்குச் சேலை வழங்கப்படும்" என்று பேனரில் அச்சடித்து, அவர்களை வரிசையில் நிறுத்தி, கொடுக்கிறவர் சேலையின் ஒரு முனையையும் வாங்குகிறவர் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க வைத்து... வாங்குகிற பெண்ணின் மகள் அதே பள்ளியில் கொடுக்கிறவரின் மகளோடு படிக்கலாம். அந்தப் போட்டோ மறுநாள் வாட்ஸ்அப்பில் போகும்.

மரியாள் பாடிய பாட்டில் தேவன் தாழ்மையானவர்களை உயர்த்துகிறார், பசித்தவர்களை நன்மைகளால் நிரப்புகிறார் என்று வருகிறது. தாழ்ந்தவர்களை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி அனுப்புகிற ஒரு சடங்கு அந்தப் பாட்டை வாசித்த அதே மாலையில் வேண்டாம். கூடுகைக்கு நான்கு நாள் முன்பே இரண்டு பேராகப் போய் வீட்டில் கொடுத்துவிடுங்கள். அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு அவர்கள் கூட்டத்துக்கு வந்து மற்றவர்களோடு உட்காருவார்கள். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. கொடுத்த இடத்திலேயே, "அக்கா, நீங்க அன்னைக்கு ஒரு ஜெபம் பண்ணணும்" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

பரிசு மாற்றிக்கொள்ளும் விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொகையை முன்பே சொல்லுங்கள், நூறு ரூபாய்க்கு மேல் வேண்டாம். இல்லையென்றால் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அன்றைக்கு மட்டும் வர மாட்டார்கள்.

எல்லோரும் நம் சபையே என்று நினைப்பது

தெருவில், அலுவலகத்தில் கூடினால் சி.எஸ்.ஐ, கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே, ரட்சண்ய சேனை எல்லோரும் வருவார்கள். கத்தோலிக்கப் பெண்களை வைத்துக்கொண்டு மாதாவைப் பற்றி இடக்காகப் பேசுவது நாகரிகமல்ல. பேசப் போவதே மரியாளைப் பற்றி எனும்போது செய்தி கொடுப்பவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். சிவப்புப் பட்டுச் சேலை, மேட்சிங் நகை என்று உடை விதி போட்டால், நகை போடாத பெந்தெகொஸ்தே சகோதரிகளும் பட்டு இல்லாதவர்களும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். கையில் இருக்கும் வேதாகமமும் ஒன்றாக இருக்காது. அதனால் வாசிக்கும் பகுதியைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள், எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம்.

பாட்டிலும் இதே கவனம் வேண்டும். புரொஜெக்டரில் ஓடும் புதுப் பாட்டுகளை இளம்பெண்கள் நன்றாகப் பாடுவார்கள், பாட்டிகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கீர்த்தனை எடுத்தால் கண்ணாடி இல்லாமலேயே எல்லாச் சரணமும் பாடுகிறவர்கள் அவர்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களைக் கொண்டு 1853-ல் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்ட எட்வர்டு வெப், அமெரிக்க மிஷனரிகள் இங்கே நடத்திய நம் மதுரை மிஷனில் ஊழியம் செய்தவர்தான். அந்தச் சொத்து இங்கே வீட்டுக்கு வீடு மனப்பாடமாக இருக்கிறது. மூன்று பாட்டில் இரண்டு கீர்த்தனையாக இருக்கட்டும், ஒரு பாட்டியைத் தொடங்கி வைக்கச் சொல்லுங்கள்.

போனும் ஜெபக் குறிப்பும்

கூட்டத்தில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும் முன் கேளுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கும் பெண்கள் உண்டு. கணவர் வீட்டார் ஆலயத்துக்கு அனுப்ப மாட்டார்கள், "தோழி வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். ஒரே ஒரு குரூப் போட்டோ அவர்கள் வீட்டில் சண்டையில் முடியும், அடுத்த முறை வரவே முடியாமலும் போகலாம். போட்டோ கட்டாயம் வேண்டுமென்றால் அலங்காரத்தை எடுங்கள், குடிலை எடுங்கள்.

ஜெபக் குறிப்பும் அப்படித்தான். ஒருத்தி தன் கணவரின் குடியைப் பற்றி அழுதுகொண்டே சொன்னது, "ஜெபிச்சுக்கோங்க" என்கிற வரியோடு மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடுகிறது. சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். அடி வாங்குகிறாள் என்று தெரிந்தால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். 181 என்பது பெண்கள் உதவி எண். அதை அவள் கையில் கொடுத்து, தேவைப்பட்டால் கூடவே போங்கள்.

மற்றவை எல்லாம் ஏற்பாடு சம்பந்தப்பட்டவை, சீக்கிரம் சொல்லிவிடலாம். பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு அட்டவணையைப் பார்க்காமல் தேதி வைக்காதீர்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு எந்த நேரம் ஒழியும் என்று அவர்களையே கேட்டு நேரம் முடிவு செய்யுங்கள். பலர் வருவதும் போவதும் கட்டணமில்லா டவுன் பஸ்ஸில்தான், மேலூர் பக்கம் போகிறவர்கள் இருட்டும் முன் பஸ் ஏறும்படி முடித்துவிடுங்கள். மாடியில் என்றால் மழைக்கு மாற்று இடம் பார்த்து வையுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு வாலிபப் பிள்ளைகளைத் தனி அறையில் நிறுத்துங்கள். முப்பது பேர் கூடும் வீட்டில் ஸ்பீக்கர் தேவையே இல்லை.

கடைசியாக, கூட்டம் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவது. மரியாள் மூன்று மாதம் தங்கினாள் என்று பார்த்தோம். மதுரை மிஷன் காலத்தில் பைபிள் உமன் என்று அழைக்கப்பட்ட பெண்கள் வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டினார்கள், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு முறை போய் நிறுத்திக்கொள்ளவில்லை, திரும்பத் திரும்பப் போனார்கள். நாமும் வந்தவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, ஜனவரிக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பேராகப் போகத் திட்டமிடலாம். முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாமல் வராதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் பெயர்தான் அந்த நோட்டில் முதலில் வர வேண்டும். போகும் முன் போன் செய்து கேளுங்கள். கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் வாசித்த அதே பிரதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா எலிசபெத்தின் பகுதியை வாசிக்கட்டும்.