ஈஎஸ்பி32-கேம் போர்டைக் கணினியோடு இணைப்பது: ஐஓ0 பின்னில்தான் எல்லாம் இருக்கிறது

ஏஐ-திங்கர் ஈஎஸ்பி32-கேம் என்பது கேமராவும் வைஃபையும் உள்ள சிறு போர்டு. அதில் யுஎஸ்பி வசதி கிடையாது. புரோகிராம் ஏற்றவும், போர்டு அனுப்பும் செய்திகளைப் படிக்கவும் இடையில் ஒரு யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் (கணினியின் யுஎஸ்பி-யைப் போர்டின் சீரியல் பின்களோடு இணைப்பது) வேண்டும். ஆர்டுயினோ ஐடிஇ-யில் (புரோகிராம் எழுதி ஏற்றும் கணினி மென்பொருள்) ஈஎஸ்பி32 தொகுப்பை ஏற்கெனவே நிறுவியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடாப்டரில் என் தேர்வு சிபி2102. 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் தனித்தனிப் பின் உண்டு, சிக்னல் 3.3 வோல்ட்டிலேயே இருக்கும். எஃப்டி232 அடாப்டரில் ஒரே ஜம்பர்தான் (இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடி) மின்சாரம், சிக்னல் இரண்டின் வோல்ட்டையும் மாற்றுகிறது. 5-இல் வைத்தால் சிக்னலும் 5 வோல்ட் ஆகிவிடும். ஈஎஸ்பி32 பின்கள் அதற்கு ஆனவை அல்ல. 3.3-இல் வைத்தால் வைஃபை கிளம்பும்போது மின்சாரம் போதாது.

1. முதலில் அடாப்டரை மட்டும் சோதியுங்கள். அதன் டிஎக்ஸ் (அனுப்பும் பின்), ஆர்எக்ஸ் (வாங்கும் பின்) இரண்டையும் ஒரே வயரால் இணைத்து, ஐடிஇ-யின் சீரியல் மானிட்டரில் (போர்ட் வழியே செய்தி அனுப்பிப் படிக்கும் சாளரம்) எதையாவது தட்டி அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் கேபிளும் டிரைவரும் சரி. போர்ட்டே தெரியவில்லையா? சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கலாம்.

2. வயரிங். சோதனை வயரை எடுத்துவிட்டு நான்கே வயர்: 5 வோல்ட்டுக்கு 5 வோல்ட், கிரவுண்டுக்கு கிரவுண்ட், அடாப்டரின் டிஎக்ஸ் போர்டின் யு0ஆர்-க்கு (போர்டின் வாங்கும் பின்), ஆர்எக்ஸ் யு0டி-க்கு (அனுப்பும் பின்). யு0ஆர் பக்கத்தில் உள்ள விசிசி பின்னில் மின்சாரம் கொடுக்காதீர்கள். அது மின்சாரத்தை வெளியே கொடுக்கும் பின். பிரெட்போர்டிலும் (பின்களைச் செருகும் துளைப் பலகை) செருக வேண்டாம். ரீசெட் பொத்தான் போர்டின் அடியில் இருப்பதால் விரல் போகாது.

3. ஐஓ0. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். புரோகிராமை ஏற்றுவதா, ஓட்டுவதா என்று முடிவுசெய்யும் பின் இது. ஐஓ0 கிரவுண்டோடு இணைந்திருக்கிறதா என்பதை சிப் ரீசெட் ஆகும் அந்தக் கணத்தில் மட்டுமே பார்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஜம்பரைப் போட்டுப் பயனில்லை. பக்கத்துப் பின்னே கிரவுண்ட் என்பதால் ஒரு ஜம்பர் மூடியே போதும். போட்டுவிட்டு ரீசெட்டை அழுத்துங்கள்.

அப்லோட் செய்வதற்கு முன் சீரியல் மானிட்டரை 115200 வேகத்தில் திறந்து பாருங்கள். "வெயிட்டிங் ஃபார் டவுன்லோட்" என்று வந்தால் போர்டு தயார். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் தவறு. எதுவுமே வராவிட்டால் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மாறியிருக்கிறதா பாருங்கள்.

4. அப்லோட். போர்டு பட்டியலில் ஏஐ திங்கர் ஈஎஸ்பி32-கேம். "கனெக்டிங்" என்று புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தால் இன்னொருமுறை ரீசெட். வேறு எந்த மென்பொருளும் அதே போர்ட்டைத் திறந்து வைத்திருக்கக் கூடாது.

5. ஜம்பரைக் கழற்றி ரீசெட். கழற்ற மறந்தால் ஏற்றிய புரோகிராம் ஓடாது. மீண்டும் அதே "வெயிட்டிங்" செய்திதான் வரும்.

"பிரவுன்அவுட்" (வோல்ட் குறைந்துவிட்டது) என்று சொல்லித் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால் புரோகிராமைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். மின்சாரம் போதவில்லை. குட்டையான, தடித்த வயர் போடுங்கள்; 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே போர்டை ஒட்டி 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். வோல்ட் குறைந்தால் ரீசெட் செய்யும் இந்தப் பாதுகாப்பை மென்பொருளில் அணைத்துவிடச் சொல்லும் குறுக்குவழி எனக்கு உடன்பாடில்லை: செய்தி நிற்கும், கோளாறு நிற்காது.

பிற்சேர்க்கை: சில போர்டுகளில் யு0டி-க்கு அடுத்த பின் கிரவுண்ட் அல்ல, ரீசெட். "ஜிஎன்டி/ஆர்" என்று அச்சிட்டிருக்கும். அதைக் கிரவுண்டாக எடுத்தால் போர்டு உயிரே பெறாது. மறுபுறம் 5 வோல்ட்டுக்கு அடுத்துள்ள கிரவுண்டையே பயன்படுத்துங்கள்.