தொட்டிக்குள்ள சண்டையா? யார் யாரைத் துரத்துதுன்னு முதல்ல பாருங்க

தொட்டியில் ஒரு மீன் இன்னொன்றைத் துரத்துகிறது என்றதும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, துரத்துகிற மீனை வலை போட்டுப் பிடித்து வெளியே எடுப்பதுதான். பல நேரம் அது தேவையே இல்லை. சில நேரம் அதை எடுத்த மறுநாளே, அதுவரை வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்த இன்னொரு மீன் நாட்டாமையாகிவிடும், சண்டை பழையபடி ஓடும். அதனால் கை வைப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் அறை லைட்டை அணைத்துவிட்டு, தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டு, நான்கைந்து அடி தள்ளி நாற்காலி போட்டு உட்காருங்கள். கண்ணாடிப் பக்கத்தில் போய் நின்றால் தீனி வருகிறது என்று எல்லாம் முன்னால் ஓடி வந்துவிடும், ஒன்றும் புரியாது. யார் அடிக்கிறது, எந்த இடத்தில் அடிக்கிறது, எந்த நேரத்தில் அடிக்கிறது, இது தெரிந்தால் போதும். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ஒரே இடத்தில் நின்றுகொண்டு அந்தப் பக்கம் வருவதை மட்டும் விரட்டினால் அது இடத்துக்கான சண்டை, இல்லையென்றால் முட்டை. ஏஞ்சல் மீன் வளர்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்ப்பார்கள். இரண்டு ஏஞ்சல் சேர்ந்து ஃபில்டர் குழாயையோ அகலமான ஒரு இலையையோ வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருக்கும், மற்ற மீன் எல்லாம் எதிர்மூலையில் மேலே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்த ஜோடி இடம் பார்த்துவிட்டது என்று அர்த்தம். முட்டை பொரிய இரண்டு மூன்று நாள், குஞ்சு நீந்த இன்னும் நாலைந்து நாள், அதுவரைக்கும் மற்றதுக்கு நிம்மதி கிடையாது. குஞ்சு வேண்டும் என்றால் ஜோடிக்குத் தனித் தொட்டி. வேண்டாம் என்றால் முட்டை ஒட்டிய இலையை எடுத்துவிடுங்கள், சில நாளில் அடங்கும். ஆனால் ஜோடி சேர்ந்தது சேர்ந்ததுதான், கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் முட்டையிடும், எனவே இடப்பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

குளத்தில் துண்டு போட்டு அள்ளிய ஜிலேபி (திலாப்பியா) குஞ்சையும் மணக்குடி பொழியில் (கழிமுகத்தில்) பிடித்த பள்ளத்தியையும் பிள்ளைகள் கொண்டுவந்து தொட்டியில் விடுவது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. "எல்லாம் சின்ன மீனுதானே அண்ணே, சேந்து கெடக்கட்டும்" என்பார்கள். இரண்டுமே சிக்லிட் என்கிற, இடத்துக்குச் சண்டைபோடும் மீன் குடும்பம். ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, பள்ளத்தி நம்ம நாட்டுச் சொந்த சிக்லிட்; இந்தியாவில் இயற்கையாகவே இருக்கிற சிக்லிட் மொத்தம் மூன்று இனம்தான், அதில் இது ஒன்று. விரல் நீளம் இருக்கும்போது சாதுவாகத்தான் தெரியும். வளர்ந்தால் ஜிலேபி தொட்டியையே பிடித்துக்கொள்ளும், கப்பியும் டெட்ராவும் அதன் பக்கத்தில் வாழ முடியாது. பள்ளத்தி அழகான மீன், நான் ஆதரிப்பேன், ஆனால் அதுக்கென்று தனித் தொட்டி வைத்து.

அடுத்தது டைகர் பார்ப். எனக்குத் தெரிந்து வீட்டுத் தொட்டிகளில் அதிகம் சேதம் செய்வது இதுதான், அதுவும் வாங்கும்போது "ஜோடி கொடுங்க" என்று இரண்டே இரண்டு வாங்கி வருவதால். இது கூட்டமாக வாழ்கிற மீன். தனக்குள்ளேயே துரத்தி, துடுப்பு விரித்து, யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளும். கூட்டம் இல்லையென்றால் அந்த வேலையை மற்ற மீன்மேல் காட்டும். ஏஞ்சலுக்கும் கவுராமிக்கும் வயிற்றுக்குக் கீழே நூல் மாதிரி தொங்குமே, அதைப் பின்னாலிருந்து வந்து ஒரு கொத்து கொத்திவிட்டு ஓடிவிடும். நூல் நீளமாக இருந்த இடத்தில் மறுநாள் ஒரு குச்சிதான் மிஞ்சியிருக்கும். எட்டுப் பத்தாக வாங்கி விட்டால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொள்ளும். அப்போதும் ஏஞ்சல், கவுராமி, வால் நீண்ட கப்பி, கோல்டு ஃபிஷ் கூட வேண்டாம். சுறுசுறுப்பான மற்ற பார்புகள், டேனியோ சரி.

கப்பி, மோலி, பிளாட்டியில் அடிதடி என்றால் அநேகமாக ஆண் அதிகம். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று கணக்கு வையுங்கள், இல்லையென்றால் ஆண் மட்டும் வையுங்கள். அவ்வளவுதான்.

சிலதை எந்த உபாயத்தாலும் சேர்த்து வைக்க முடியாது. ஃபைட்டர் ஆண் இரண்டு ஒரே தொட்டியில் கூடாது. ஃபைட்டரோடு பெரிய வண்ண வால் கப்பியும் கூடாது, அதையும் எதிரி என்றே நினைக்கும். ரெட் டெயில் ஷார்க் தொட்டிக்கு ஒன்று மட்டும். ஃப்ளவர்ஹார்ன் மனிதன் கலப்பு செய்து உண்டாக்கிய மீன், அது தனியாகத்தான். கடைக்காரர் "சின்னதிலிருந்தே சேர்த்து வளர்த்தா பழகிடும்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வேறு மீன் பாருங்கள்.

பகலில் எந்தச் சண்டையும் இல்லை, ஆனால் காலையில் கோல்டு ஃபிஷ் உடம்பில் வெளிறிய திட்டு தெரிகிறது என்றால் சக்கர் மீனைச் சந்தேகப்படுங்கள். பாசியை மட்டும் தின்னும் என்று வாங்கி வருகிறோம், பசித்தால் மெதுவாக நீந்துகிற மீனின் உடம்பில் இரவு ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சும். ராத்திரி விளக்கணைத்த பிறகு வெந்த வெள்ளரி, பூசணித் துண்டு போட்டுப் பாருங்கள், நிற்கவில்லை என்றால் பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று, எல்லா மீனும் சேர்ந்து ஒன்றை மட்டும் கொத்தினால் அடிக்கிறதுகளில் தப்பு தேட வேண்டாம். கொத்து வாங்குகிற மீன் அநேகமாக ஏற்கெனவே நோயாளியாக இருக்கும், மற்றதுக்கு அது முதலில் தெரிந்துவிடுகிறது. அதைத்தான் எடுத்துத் தனியாக வைக்க வேண்டும்.

சரி, சேர்ந்து வாழக்கூடிய மீன்தான், இருந்தும் துரத்தல் நிற்கவில்லை என்றால் இடத்தைப் பாருங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினாலும் சுமார் 56 லிட்டர்தான் பிடிக்கும். கல், மண் போக 45 லிட்டர்கூட மிஞ்சாது. இதில் வளர்ந்த ஏஞ்சல் நாலு என்பது பேராசை. பெரிய தொட்டி உடனே வாங்க முடியாது என்றால் பார்வையை மறையுங்கள். ஒரு கோடியில் நிற்கிற மீனுக்கு மறுகோடி தெரியக் கூடாது, அதுதான் விஷயம், துரத்துகிற மீனின் கண்ணில் மற்றது படாவிட்டால் துரத்தாது. நமக்குத் தேங்காய்ச் சிரட்டைக்குப் பஞ்சமா? நார் சுரண்டிய சிரட்டையில் வாசல் மாதிரி ஓட்டை போட்டு, கறை குறையும் வரை இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்துப் போடுங்கள். உடைந்த மண்சட்டியும் நன்றாக இருக்கும், பக்கம் கூராக இருந்தால் உரசி மழுக்கிவிடுங்கள். ஒளிந்துகொள்ளும் இடம் எப்போதும் மீனின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்று வைத்தால் அதுக்கே புதுச் சண்டை வரும். கன்னியாகுமரி கடற்கரையில் வாங்கிய சங்கையும் சிப்பியையும் அழகுக்குப் போடாதீர்கள். சுண்ணாம்பு கரைந்து தண்ணீர் கடினமாகும், மோலி தாங்கும், டெட்ரா சோர்ந்துபோகும், சோர்ந்தது அடிவாங்கும்.

புது மீன் விடும்போதுதான் பழசு அதிகம் துள்ளும். விடுவதற்கு முன் பழசுக்கு வயிறு நிறையத் தீனி போடுங்கள், கல்லையும் சிரட்டையையும் இடம் மாற்றி வையுங்கள். எல்லைகள் கலைந்துவிட்டால் பழசும் புதுசும் ஒன்றாகவே இடம் தேட வேண்டியிருக்கும். விளக்கை அணைத்த பிறகு விடுங்கள். ஒற்றையாக விடாமல் மூன்று நாலாக விட்டால் அடி ஒன்றின்மேலேயே விழாது. அப்படியும் ஒரே ரவுடிதான் தொல்லை என்றால், அதை ஒரு வாரம் தனித் தொட்டியில் வைத்துவிட்டு, இங்கே மற்றது நிலைகொண்ட பிறகு திரும்ப விட்டுப் பாருங்கள், இப்போது அதுதான் புதுசு.

தீனியை ஒரே மூலையில் போடாமல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தூவுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் மீனின் வேகமும் கோபமும் ஏறும், தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறையும், அந்த நாட்களில் ஹீட்டர் எதுவும் வேண்டாம், மூடியைத் திறந்து ஏர் பம்பைக் கூட்டிவையுங்கள்.

துடுப்பு கிழிந்த மீனைப் பார்த்ததும் மருந்துக்கு ஓடாதீர்கள். ஓரம் வெட்டியது மாதிரி சுத்தமாக இருந்தால் கடி, தானே வளரும். ஓரம் வெளிறிப் பஞ்சு மாதிரி இருந்தால்தான் அழுகல். கடிபட்டதை ஒரு வாளியில் ஏர் பம்பில் மாட்டுகிற காற்றுக் கல் போட்டு, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பு கரைத்து வையுங்கள், புத்தளம் பக்கத்து அளத்து உப்பே போதும். கொரிடோராஸ், லோச் மாதிரி அடியில் மேயும் மீனுக்கு உப்பு அவ்வளவாக ஒத்துவராது. வாளித் தண்ணீரை தினமும் பாதி மாற்ற வேண்டும்.

கடைசியில் எதுவும் சரிப்படவில்லை என்றால் அந்த மீனைக் கொடுத்துவிடுங்கள். பழையாற்றிலோ பக்கத்துக் குளத்திலோ விடக் கூடாது, சக்கர் அப்படித்தான் ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பல கடைகளில் கேட்டால் காசு தராவிட்டாலும் வாங்கிக்கொள்வார்கள், போகும் முன் போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். கொண்டுபோகிறதுக்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள், வழியில் கவருக்குள் தண்ணீர் நாறாது. கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று, வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுங்கள்.