தியவன்னா ஓரத்தில் மின்சார சைக்கிள்: நாம் விடுகிற பிழைகள்

பத்தரமுல்லைப் பக்கம், தியவன்னா ஏரியோரப் பாதையில் ஒரு பின்னேரம். ஐந்தரை மணி இருக்கும். எனக்கு முன்னால் ஒரு அங்கிள், வெள்ளைச் சப்பாத்து, கையில் சுருட்டிய குடை, தன்பாட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தார். நான் புதிதாக வாங்கிய மின்சார சைக்கிளில் அவரை உரசாத குறையாகக் கடந்தேன். கொஞ்சத் தூரம் தள்ளி நிற்பாட்டித் தண்ணீர் குடிக்கும்போது வந்து சேர்ந்தார்.

"தம்பி, இது சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ?"

"சைக்கிள்தான் அங்கிள்."

"அப்ப ஏன் சத்தமில்லாமல் இந்த வேகத்தில வாறீர்?"

சைக்கிளில் மணி இருந்தது. நான் அடிக்கவில்லை. மனுஷன் குடையைப் பிடித்திருந்த பிடி அப்போதும் தளரவில்லை.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த பிறகு கொழும்பில் பலர் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்களில் வெயிலும் வியர்வையும் தாங்காதவர்கள் மோட்டார் பூட்டிய சைக்கிளைத் தேடினார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். நடப்பவர்களும் ஓட்டுபவர்களும் பங்குபோடும் பாதையில் இதை விடலாமா என்று கேட்டால், விடலாம் என்பதுதான் என் பதில். ஆனால் நான் விட்ட பிழைகளையும் மற்றவர்கள் விடக் கண்ட பிழைகளையும் விடாமல் இருந்தால்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைப்பது

முதல் குழப்பம் பெயரில். மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கிற சைக்கிள் ஒன்று. மிதி இருந்தாலும் கைப்பிடியைத் திருகினாலே ஓடுவது இன்னொன்று. ஸ்கூட்டர் போல இருக்கை வைத்து, பேருக்கு இரண்டு மிதியைத் தொங்கவிட்டது மூன்றாவது. கடைக்காரர் மூன்றையும் மின்சார சைக்கிள் என்றே விற்பார்.

ஐரோப்பாவில் முதல் வகையைத்தான் சைக்கிளாகக் கணக்கெடுக்கிறார்கள்: மோட்டார் 250 வொட்டுக்கு மேற்படக்கூடாது, மணிக்கு 25 கிலோமீற்றரைத் தொட்டதும் உதவி நின்றுவிட வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கின்றன. அங்கே மூன்றாம் வகுப்பு மணிக்கு 45 கிலோமீற்றர் வரை போகும். சிங்கப்பூர் இன்னும் இறுக்கம். திருகிற கைப்பிடி கூடாது, சைக்கிள் பாதையில் ஓடலாம் ஆனால் நடைபாதையில் ஏறவே கூடாது, வண்டி 20 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. என்னுடையது 24 கிலோ. அங்கே கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்களுடையது எந்த வகை என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. மோட்டார் இருக்கிற சில்லைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, மிதியைத் தொடாமல் கைப்பிடியைத் திருகுங்கள். சில்லு விர்ரென்று சுற்றினால் அது வீதிக்குரியது. (உருட்டிக்கொண்டு நடக்கும்போது மெல்லத் தள்ளிவிடுகிற பொத்தான் சிலவற்றில் இருக்கும். அது மணிக்கு 6 கிலோமீற்றர்தான், அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம்.)

25ஐ அனுமதி என்று நினைப்பது

நான் விட்ட பெரிய பிழை இதுதான். மோட்டார் 25இல் உதவியை நிறுத்துகிறது என்றால், 25 வரை போகலாம் என்று மனம் தானாகவே விளங்கிக்கொள்கிறது. அது மோட்டாருக்குப் போட்ட எல்லை. பாதைக்குப் போட்ட எல்லை அல்ல.

கணக்கைப் பாருங்கள். 25இல் போகும்போது ஒரு செக்கனுக்கு ஏழு மீற்றர் ஓடும். ஒரு குழந்தை குறுக்கே வருவதைக் கண்டு கை பிறேக்கைப் பிடிக்கவே ஒரு செக்கன் போய்விடும். பிறகு காய்ந்த தரையில் விழாமல் நிற்க இன்னும் எட்டு மீற்றராவது வேண்டும். மொத்தம் பதினைந்து. அதுவே 15இல் போனால் ஏழு மீற்றருக்குள் நின்றுவிடலாம். மோதினால் விழுகிற அடியும் அப்படியே கூடும்: வேகம் 15இலிருந்து 25 ஆனால் மோதலின் சக்தி ஏறத்தாழ 2.8 மடங்கு. பக்கச் சில்லு பூட்டிய குட்டிச் சைக்கிளில் பிள்ளைகள் வளைந்து வளைந்து பழகுகிற பாதையில் பதினைந்து மீற்றர் வெறுமையாக எங்கே கிடைக்கும்?

ஆள் இல்லாத காலை ஐந்தே முக்காலுக்கு 25 போங்கள். பின்னேரத்தில் 15 போதும், சனம் கூடினால் அதற்கும் கீழே.

மிதியை நிறுத்தினால் மோட்டாரும் நிற்கும் என்று நம்புவது

இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. விலை குறைந்த சைக்கிள்களில் மிதி சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்க்கிற உணரி இருக்கும். எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும்; புறப்படும்போது திடீரென்று முன்னால் பாயும். ஆட்களுக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து போகும்போது இந்தப் பாய்ச்சல்தான் ஆபத்து. பிறேக் நெம்பைத் தொட்டதும் மோட்டாரை வெட்டுகிற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சனத்துக்குள் இரண்டு விரலை நெம்பின் மேலேயே வைத்திருங்கள். மோட்டார் தருகிற உதவியின் அளவையும் ஆகக் குறைந்த ஒன்றாம் படிக்கு இறக்கிவிடுங்கள். மிதிக்கிற பலத்தை அளக்கிற உணரி உள்ளவை விலை கூட, ஆனால் கால் சொல்வதைக் கேட்கும்.

பழைய சைக்கிளுக்கு மோட்டார் செட் வாங்கிப் பூட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் புதிது, பிறேக் பழையது. ஒக்டோபர் மழையில் ரிம்மைப் பிடிக்கிற ரப்பர் கட்டை எவ்வளவு வழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் பிறேக்குக்குச் செலவழியுங்கள்.

மணியைப் பிந்தி அடிப்பது

25இல் வந்து பத்து மீற்றரில் வைத்து அடித்தால், நடப்பவருக்குத் திரும்பிப் பார்க்க இரண்டு செக்கன்கூடக் கிடைக்காது. திடுக்கிட்டு எந்தப் பக்கம் பாய்வதென்று தெரியாமல் உங்கள் பக்கமே பாய்வார். இருபத்தைந்து மீற்றரில் ஒருதரம், மெல்ல அடியுங்கள். பிறகு வேகத்தைக் குறைத்து வலப்பக்கத்தால் போங்கள். போகும்போது "தாங்க்ஸ் அங்கிள்" என்று ஒரு சொல் விட்டால் ஒன்றும் குறைந்துபோகாது.

நடப்பவர்களும் பிழை விடுகிறார்கள். நாலு பேர் பாதை முழுவதையும் அடைத்து நடப்பது, இரண்டு காதிலும் இயர்பட், பத்தடிக் கயிற்றில் நாய். இவர்களை நான் திட்டித்தான் இருக்கிறேன். ஆனாலும் பாரமான இரும்பு இருப்பது என்னிடம், அவர்களிடம் அல்ல.

இன்னொன்று: வழவழவென்று இருக்கிற இடமெல்லாம் சைக்கிள் பாதை அல்ல. வெள்ளவத்தை மரைன் டிரைவில் கடல்பக்க நடைபாதை நடப்பதற்கு. அங்கே வீதியில்தான் ஓட வேண்டும், சோளகக் காற்று முகத்தில் அறைந்தாலும்.

மோட்டார் உள்ள எதையும் உள்ளே விடாதே என்று பலகை போடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முழங்கால் வலியோடு மெல்ல மிதித்துக்கொண்டு வருகிற அறுபது வயது அன்ரியையும் அந்தப் பலகை மறித்துவிடும். மோட்டாரே இல்லாத பந்தயச் சைக்கிளில் 35இல் குனிந்துகொண்டு பறக்கிற பொடியனை அது ஒன்றும் செய்யாது.

இந்தச் சைக்கிளை வாங்கிய அன்று கடைப் பொடியன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அண்ணா, 25இல நிக்கிற லொக்கை எடுத்துவிடட்டோ? 40 போகும். காசு வேண்டாம்." அந்த லொக்கை எடுத்தால் அது பாதைக்குரிய சைக்கிள் இல்லை, அதன் பிறேக்கும் சில்லும் 40ஐ நினைத்துச் செய்தவையும் அல்ல. வேண்டாம் என்றேன். என்னைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். மேசைக்குக் கீழே தேடி, ஒரு பித்தளை மணியை எடுத்துச் சும்மா பூட்டிவிட்டான்.