நெடுந்தீவுக் குதிரைகளைப் படமெடுக்க வேண்டுமா? ஓர் இரவு தங்குங்கள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளை முதல் தடவை படமெடுத்தபோது எனக்குக் கிடைத்தவை கபில நிறப் புள்ளிகள் மட்டுமே. வீட்டுக்கு வந்து லென்ஸைத் திட்டினேன். காலைப் படகில் போய்ப் பிற்பகல் படகில் திரும்பியவன், வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தை மட்டும் பொறுக்கியெடுத்துப் போயிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆகவே முதல் படி, இரவு தங்க இடம் பேசிவைப்பது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை; அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், அலை படகுக்குள்ளேயே எட்டிப்பார்க்கும். கமராவை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இடம் அறிதல். குதிரைகள் தீவின் தெற்குப் பக்கத்து வெளிகளில் மேய்கின்றன. அந்நியர் ஆட்சிக் காலத்தில் இங்கே வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இவை. பழைய குதிரை லாயத்தின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம். ஓட்டோக்காரரிடம் “குதிரை எங்கே?” என்று கேட்டால் கை தெற்கே நீளும், அவ்வளவுதான். “நேற்று எங்கே தண்ணீர் குடித்தன?” என்று கேளுங்கள்.

கோடையில் எல்லாமே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. குளங்கள் வற்றும்போது மிஞ்சிய நீரைத் தேடிக் கூட்டமாக வரும். விடியுமுன் போய், அவை நடந்து தேய்த்த தடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து நூறு மீற்றராவது விலகி, காற்று உங்கள் முகத்தில் படும்படி உட்காருங்கள். தடத்தின் குறுக்கே உட்காராதீர்கள். உங்களைக் கண்டு ஒரு பெட்டைக்குதிரை திரும்பிப்போனால், அதன் குட்டியும் தாகத்தோடு திரும்பும். தண்ணீரின்றிக் குதிரைகள் செத்துவிழும் கோடைகளும் இங்கே வந்து போயிருக்கின்றன. மேய்வதை நிறுத்தித் தலை தூக்கி, காதுகளை உங்கள் பக்கம் நிமிர்த்தினால் அசையாதிருங்கள். காதுகள் பின்னால் படிந்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

கமரா அமைப்பு எளிது. 300 மில்லிமீற்றர் லென்ஸ் போதும். ஷட்டர் வேகம் 1/1000 செக்கன், லென்ஸ் துளை (aperture) எஃப்/8, ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) தானியங்கி. வெளிறிய நிலமும் வானமும் கமராவை ஏமாற்றும். அது படத்தை இருட்டாக்கிவிடும், கபிலக் குதிரை கரிக்கட்டையாகும். ஒளியளவுத் திருத்தத்தை (exposure compensation) +0.7க்கு உயர்த்தி, வானம் முற்றாக வெளுக்கிறதா என்று திரையில் பாருங்கள். குவியத்தைக் கண்ணில் வையுங்கள்.

வெயில் ஏறியதும் கானல் தொடங்கும். சூடான நிலத்துக்கு மேலே காற்றின் அடர்த்தி இடத்துக்கிடம் மாறுவதால் ஒளி வளைந்து நெளிகிறது. தூரத்துக் குதிரையின் கால்கள் கரைந்துபோகும். எந்த விலை லென்ஸும் இதைத் திருத்தாது. என் கபிலப் புள்ளிகளின் கதை இதுதான். அந்நேரம் கமராவை மூடிவைத்து, நிழலில் படுத்து, மாலை நான்கரைக்குப் பிறகு மீண்டும் போங்கள். சாய்ந்த வெயிலில் பிடரி மயிரும் குளம்படித் தூசும் ஒளிரும்.

திரும்பியதும் லென்ஸைத் துணியால் துடைத்துவிடாதீர்கள். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளுங்கள். உப்புப் படிந்திருந்தால், ஈரம் தொட்ட மென்துணியால் பிறகு துடைக்கலாம்.